நாயைப் பிடிங்க

சோத்னொம் நீட்டிய மூக்குப்பொடிக் குப்பியின் மூடி இறுக்கி மூடியிருந்தது. தெமூலென் அதை வலது கையால் வாங்கினான். நீட்டிய குப்பியை வாங்காமல் இருக்க முடியாது. வேண்டியவர்களுக்கு நீட்டும்போது மூடியைக் கொஞ்சம் தளர்த்தி வைப்பார்கள். பொடியின் காரம் முன்னாலேயே வந்துவிடும். இதில் கல்லின் குளிர்ச்சி மட்டும் இருந்தது. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்ததுபோல் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். சோத்னொம் குப்பியைத் துணியில் சுற்றி அங்கியின் மடிப்புக்குள் செருகிக்கொண்டார். அவனை இறக்கிவிட்ட பேருந்து அதற்குள் தூசியாகிவிட்டது.

பாலைவன ஊரான உலான்புலாக்கில் இருப்பது ஒரே தெரு. நீலக் கூரை போட்ட பள்ளிக்கூடம், தண்ணீர் விற்கும் அறை, பெட்ரோல் நிலையம், ஒன்றுக்கொன்று அப்படியே நகல் எடுத்த மாதிரி சில கடைகள். வேலிக் கம்பிகளில் பிளாஸ்டிக் பைகள் மாட்டிக்கொண்டு படபடத்தன. கடை ஓரத்தில் வெட்டவெளியில் கிடந்த பில்லியர்ட்ஸ் மேசையில் இரண்டு பேர் விளையாடிக்கொண்டிருந்தார்கள். காற்று பந்தைத் தள்ளினால் அதுவும் ஆட்டத்தில் சேர்த்திதான்.

ஒருவன் கோலை ஊன்றிக்கொண்டு கேட்டான். "என்னண்ணே, சீசன் ஆரம்பிச்சிருச்சா? ஒரே ஒரு ஆளு?"

"பட்டணத்து மாப்ள. ஊர் சுத்திப் பாக்க வந்திருக்காரு," என்றார் சோத்னொம். அவர் மனைவியின் தங்கையைக் கட்டியவன் தெமூலென். கட்டியவள் இறந்து இரண்டு குளிர்காலம் ஆகிறது.

"நான் என் பொண்ண கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்," என்றான் தெமூலென்.

மேசைக்காரர்கள் இருவரும் உடனே பந்தைப் பார்க்கக் குனிந்தார்கள். ஊருக்கே விஷயம் தெரிந்திருக்கிறது என்று அவனுக்குப் புரிந்தது.

வீட்டில் சோத்னொமின் மனைவி யாஞ்மா மாவைத் தட்டி நூலாக நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை. அடுப்பில் கொதித்த உப்புத் தேநீரைக் கிண்ணத்தில் ஊற்றி நீட்டினாள், இடது கையால். அவன் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டான். அவளுடைய முகத்தில் எங்கே பார்த்தாலும் தங்கை இருந்தாள். கன்ன எலும்பில், கோபம் வந்தால் கீழுதட்டை உள்ளே இழுப்பதில். இதை அவன் எதிர்பார்த்துத்தான் வந்தான். ஏதாவது ஆகும் என்று நினைத்திருந்தான். ஒன்றும் ஆகவில்லை. பல் மருத்துவர் மரத்துப்போகச் செய்த கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பதுபோல் தன்னையே தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"சொலோங்கோ எங்கக்கா?"

"யாரு?"

"என் பொண்ணு."

"கிணத்தடியில. இவரோட தம்பி கூடாரத்துல இருக்கா. ஒட்டகம் கறக்குற காலம், நான் மட்டும் சாமான் வாங்க வந்தேன். நாளைக்கு இவரு உன்னக் கூட்டிட்டுப் போவாரு. போற வழியில பாக்க வேண்டியதெல்லாம் பாத்துட்டுப் போ. இவ்வளவு தூரம் வந்திருக்க."

அப்போது அவளுடைய தொலைபேசி அடித்தது. மாவுக்கையோடு எடுத்துத் தோளில் இடுக்கிக்கொண்டாள். குரல் வேறு ஒருத்தியுடையது போல் ஆனது. "எனெபிஷ் சாப்ட்டாளா? தொப்பிய காது வரைக்கும் இழுத்து விடு. குட்டி ஒட்டகத்துக்கிட்ட போக வேணாம்னு சொல்லு, உதைக்கும். பெரியம்மா வந்துர்றேன்னு சொல்லு. இல்ல, அம்மா வந்துர்றேன்னு சொல்லு."

எனெபிஷ் என்றால் 'இது இல்லை'. பிள்ளை தங்காத வீட்டில் வைக்கிற பெயர். உயிரைக் கொண்டுபோக வருவது வாசலில் நின்று பெயரைக் கேட்கும். இது இல்லை என்று பதில் வரும். வீடு மாறி வந்துவிட்டோம் என்று அது திரும்பிப் போய்விடும். தெமூலெனின் அலுவலகத்தில் வரைபடச் சுருள்களை அடுக்கும் பெரியவரின் பெயர் 'மனிதன் இல்லை'. எழுபது தாண்டி நன்றாக இருக்கிறார். அதை யாரும் வேடிக்கையாக நினைத்ததில்லை. அவனும் நினைத்ததில்லை.

"அவளுக்குப் பேர் இருக்குக்கா. அவங்க அம்மா வச்சது."

"ஆமா. வானவில்லு. அழகான பேரு." யாஞ்மா மாவை உதறினாள். "வச்சவ எங்க?"

அவன் கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

"மூச்சு முட்டுது, ஊருக்குப் போறேன்னு அவ உங்கிட்ட கேட்டா. எங்கிட்டயும் போன்ல சொன்னா. பட்டணத்துல அத்தனை வீடும் கரி எரிக்குது, எதிர்வீடு தெரியலன்னா. பனி விடட்டும்னு சொன்னவன் நீ. பனி விடறதுக்குள்ள அவ போயிட்டா. சாவு வீட்டுல எல்லாரும் உன்னத்தான் பாத்தோம். உன் கண்ணுல ஒரு பொட்டுத் தண்ணி இல்ல. அப்புறம் பிள்ளைய என் மடியில வச்சுட்டு, வசந்தம் வரைக்கும் வச்சிருங்கக்கான்னு போன. எந்த வசந்தம்னு சொல்லல."

அதிகம் அழுதால் இறந்தவர் போகும் வழியில் அது கடலாகத் தேங்கிவிடும் என்பார்கள். அன்று வந்தவர்களில் பாதிப் பேர் அவன் அதனால்தான் அழவில்லை என்று எடுத்துக்கொண்டார்கள். அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அவன் சொல்லவில்லை.

"இலையுதிர்ல பாலர் பள்ளி தொறக்குது. இடம் வாங்கிட்டேன்," என்றான்.

"மேய விட்ட ஆடா அது? சீசன் முடிஞ்சதும் வந்து காதப் புடிச்சு ஓட்டிட்டுப் போக?"

நறுக்கிய மாவை அவள் குழம்பில் போட்டாள். அவனுக்கும் ஒரு கிண்ணம் வந்தது. கறித்துண்டு இல்லாத கிண்ணம். அவன் கடைசிச் சொட்டு வரை குடித்தான்.

காலையில் எழுந்தபோது யாஞ்மா வீட்டில் இல்லை. கடைக்குப் போயிருக்கிறாள் என்றார் சோத்னொம்.

அவருடைய பழைய ரஷ்ய வேனுக்குச் சாம்பல் நிறம். கோடை முழுவதும் வெளிநாட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு சுற்றுகிற வண்டி. ஊரைத் தாண்டியதும் அவர் தன் வழக்கமான பாடத்தைத் தொடங்கினார். வேண்டுமென்றேதான் செய்கிறார் என்பது குரலிலேயே தெரிந்தது.

"வலது பக்கம் பாருங்க சார். செம்பாறை. சூரியன் சாயுறப்ப தீப்புடிச்ச மாதிரி இருக்கும். ஆதிகாலத்து ராட்சசப் பல்லி இங்கதான் முட்ட போட்டுச்சு. கையில எதையும் எடுக்கக் கூடாது, அபராதம் உண்டு."

"எனக்குத் தெரியும்ணே."

"தெரியுமா? சந்தோஷம். போன வருஷம் ஒரு வெள்ளைக்காரம்மா இங்க நின்னு அழுதுச்சு. ஏம்மான்னு கேட்டா, ரொம்ப அழகா இருக்குங்குது. பாருங்க, பாறையப் பாத்துக்கூட அழறவங்க இருக்காங்க."

தெமூலென் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். சூரியன் அவன் இடது கன்னத்தில் இருந்தது. கிணறு இருப்பது தென்மேற்கில். இந்த நேரத்தில் வெயில் முதுகுக்குப் பின்னால் இருந்திருக்க வேண்டும். அவன் நில அளவைத் துறையில் வேலை பார்ப்பவன். வரைபடங்களில் ஊர், மலை, ஓடை பெயர்களை எழுதிச் சரிபார்ப்பது அவன் வேலை. இந்த வட்டாரத்தின் தாளை அவனே சரிபார்த்திருக்கிறான். சுற்றிக்கொண்டு போகிறோம் என்று தெரிந்தது. கேட்கவில்லை. கேட்டால் உடனே போய்ச் சேர வேண்டியிருக்கும். போய்ச் சேர்ந்தால் அந்தக் குழந்தை அவனைப் பார்க்கும்.

அடுத்து பனிப் பள்ளத்தாக்கு. இரண்டு கரும்பாறைகளுக்கு நடுவே, கோடையிலும் கரையாமல் அழுக்கு நிறத்தில் பனிக்கட்டி கிடக்கும் இடம். அவன் மனைவி பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவில் இங்கே வந்து பனியை உடைத்துத் தின்று காய்ச்சலில் விழுந்த கதையை அடிக்கடி சொல்வாள். குளிர்காலத்தில் சொல்ல மாட்டாள். ஜூலையில், அடுக்குமாடி வீடு கொதிக்கும்போது சொல்வாள். அவன் குனிந்து ஒரு விளிம்பை உடைத்து வாயில் போட்டுக்கொண்டான். மண்ணும் ஆட்டுப்புழுக்கையும் கலந்த ருசி. சில்லென்று பல்லில் ஏறியது. அவ்வளவுதான்.

"அந்தக் கல்லுமேல நில்லுங்க, போட்டோ எடுக்குறேன்," என்றார் சோத்னொம். "எல்லாரும் அங்கதான் நிப்பாங்க."

"வேணாம்ணே."

"பட்டணத்துல காட்ட வேணாமா? மாமியார் ஊரு இதுன்னு?"

"போலாம்ணே."

"அவசரம் இப்பத்தான் வருது," என்றார் சோத்னொம், பள்ளத்தாக்கைப் பார்த்து.

மதியத்துக்குமேல் வேன் கணவாயில் ஏறியது. உச்சியில் கற்குவியலும் அதன்மேல் கட்டிய நீலப் பட்டுத் துணிகளும். அதைத் தாண்டியதும் எதிரே அந்த மலை எழுந்து நின்றது. நீலமாக, தலை தட்டையாக, கீழே இருந்த எல்லாவற்றுக்கும் சொந்தக்காரர் மாதிரி. இத்தனை நாள் தாளில் சுருள் கோடுகளாகப் பார்த்தது. அவன் யோசிக்கவில்லை. தாளில் இருந்த பெயரை, முழுதாக, உரக்கச் சொல்லி, "இதுதானே?" என்று கேட்டான்.

வேன் குலுங்கி நின்றது.

மலை கண்ணுக்குத் தெரியும் இடத்தில் அதன் பெயரைச் சொல்லக் கூடாது. அன்பானவர் என்று சொல்ல வேண்டும், அதையும் தணிந்த குரலில். பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் தெரிந்தது. மனைவி அவனுக்குப் பலமுறை சொன்னது. சோத்னொம் இறங்கினார். மடிப்பிலிருந்து ஒரு வெண்ணிறத் தயிர்க்கட்டியை எடுத்துக் கற்குவியலில் வைத்தார். கற்களைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டே வலமாகச் சுற்றினார். உதடு அசைந்துகொண்டிருந்தது. அவனும் இறங்கி ஒரு கல்லை எடுத்தான்.

"நீ போடாத."

"தெரியாம வாயில வந்துருச்சுண்ணே."

"உனக்கு எல்லாமே எழுதுன பேருதான். கண்ணு முன்னாடி ஒக்காந்திருக்காரு, காது இருக்கு அவருக்கு. மேலதிகாரிய பேர் சொல்லிக் கூப்புடுவியா? செத்தவங்கள கூப்புடுவியா?" அவர் வடமேற்கைப் பார்த்தார். அடிவானம் பழுப்பாகக் கலங்கத் தொடங்கியிருந்தது. "பாரு. கெளம்பிருச்சு. இப்ப காத்து வரும். வந்தா உன் பேர்லதான் எழுதணும்."

காற்று இந்த மாதத்தில் தினமும் வரும் என்று இருவருக்கும் தெரியும். தெமூலென் கல்லைக் கையிலேயே வைத்துக்கொண்டு கீழே பார்த்தான். சமவெளியில் ஒரு லாரி போய்க்கொண்டிருந்தது. மேலே கூடாரத்தின் தட்டிகளும், கம்பளிச் சுருள்களும், தலைகீழாகக் கட்டிய ஆரஞ்சு நிறக் கதவும். பின்னால் நீளமாகத் தூசி. கூடாரம் பெயர்த்துப் போகிறவர்களைப் பார்த்தால் நல்ல வழி அமையட்டும் என்று வாழ்த்துவது வழக்கம். சோத்னொம் வாழ்த்தவில்லை. லாரியைப் பார்க்கவே இல்லாத மாதிரி சக்கரத்தை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. செம்பாறையும் பனியும் அந்த லாரிக்கு நேரம் கொடுக்கத்தான் என்று.

கிணற்றடிக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே வட்டம் மட்டும் இருந்தது. கூடாரம் நின்ற இடத்தில் புல் வெளுத்து, சுத்தமாகப் பெருக்கிய வட்டம். அடுப்புச் சாம்பலை மண்ணால் மூடிப் போயிருந்தார்கள். அவன் மண்ணைத் தள்ளிக் கையை உள்ளே விட்டான். சூடு இருந்தது.

"அடடா, பெயர்ந்துட்டாங்க போல," என்றார் சோத்னொம். "புல்லு தீந்துருக்கும். எங்க போனாங்களோ. இனிமே தேடுறது கஷ்டம். நாளைக்குப் பேருந்து இருக்கு மாப்ள. ஊர்ல எறக்கி விட்டுர்றேன். மணல்மேடு மட்டும் பாக்கல, அது அடுத்த தடவ."

தெமூலென் குனிந்தான். கையில் இருந்த கல்லை வட்டத்தின் நடுவே வைத்தான். பிறகு லாரிச் சக்கரத் தடத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கினான்.

"ஏய். தண்ணி இல்லாம எங்க போற?"

நடந்தான். சரளைக் கற்கள் தோல்செருப்புக்கு அடியில் உருண்டன. கோபம் என்று ஒன்று வந்திருக்க வேண்டும். கால்கள்தான் போய்க்கொண்டிருந்தன. பின்னால் வேன் கிளம்பும் சத்தம் கேட்டது. முந்திப் போகவில்லை, திரும்பியும் போகவில்லை. முதல் கியரில் உறுமிக்கொண்டு, மந்தை ஓட்டுகிற மாதிரி, ஒரே தூரத்தில் பின்னாலேயே வந்தது. காற்று முதலில் கணுக்காலில் மணலாக ஓடியது. பிறகு முழங்காலுக்கு ஏறியது. தடத்தின் ஓரங்கள் கரைய ஆரம்பித்தன. கண்ணை இடுக்கிக்கொண்டு குனிந்து நடந்தான். தடம் மறைந்த இடத்தில் நின்றான். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே பழுப்பு.

வேன் பக்கத்தில் வந்து நின்றது. கதவு உள்ளிருந்து திறந்தது.

"ஏறு. நீ இங்க செத்துக் கெடந்தா, அதுவும் நாந்தான்னு எழுதுவாங்க."

ஏறினான். சோத்னொம் வண்டியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியில் மணல் அடித்தது.

"யாஞ்மாவுக்கு ரெண்டு பொறந்துச்சு," என்றார். சார் போட்ட குரல் இல்லை. "உனக்குச் சொல்லியிருப்பா உன் வீட்டுக்காரி. ரெண்டுக்கும் நல்ல பேரா தேடி வச்சா யாஞ்மா. லாமாகிட்டப் போயிக் கேட்டு வந்து வச்சா. ரெண்டும் பத்து நாள் தங்கல. அப்புறம் தங்கச்சியும் போனா. அதுக்கும் பேரு அழகுதான். நீ கொண்டாந்து விட்டியே, அந்தக் குளிர்ல பிள்ளைக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்கு வழியில்ல, பனி மூடிருச்சு. அன்னைக்கு இவ கதவத் தொறந்து வெளிய பாத்துக் கத்துனா. இது இல்ல, இது இல்ல, வேற எடம் பாருன்னு. காலையில காய்ச்சல் விட்டுருச்சு. அன்னையிலருந்து அதான் பேரு."

தெமூலென் தன் முழங்கால்களைப் பார்த்தான். காய்ச்சலைப் பற்றி அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அவன் தொலைபேசியில் கேட்டதும் இல்லை.

"நேத்து பஸ்ஸ விட்டு நீ எறங்குனப்ப என்ன நெனச்சா தெரியுமா? அது திரும்பி வந்துருச்சுன்னு நெனச்சா. நிஜப் பேர தெரிஞ்சுக்கிட்டு வந்திருக்குன்னு."

"நான் அவ அப்பாண்ணே."

"அதத்தான் நானும் சொன்னேன்." அவர் கியரைப் போட்டார். "என்னையும் அடிக்க வந்தா."

வறண்ட ஓடைக்கு அப்பால், குன்றின் மறைவில் காற்று குறைவாக இருந்த இடத்தில் லாரி நின்றிருந்தது. கூடாரம் பாதி எழும்பியிருந்தது. தட்டிகள் வட்டமாக நின்றன, கூரைக் கழிகள் வளையத்தில் செருகியிருந்தன. கம்பளி இன்னும் போர்த்தவில்லை. எலும்புக்கூட்டு வழியாக அந்தப் பக்கத்துப் பாலைவனம் தெரிந்தது. உள்ளே நடுவில் அடுப்பு வைத்து, புகைபோக்கி மாட்டி, நெருப்பும் மூட்டியிருந்தார்கள். ஆரஞ்சுக் கதவு அதன் நிலையில் திறந்து கிடந்தது. சோத்னொமின் தம்பி கூரைமேல் கயிறு வீசிக்கொண்டிருந்தான். யாஞ்மா கம்பளிச் சுருளைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றாள். வேனைப் பார்த்தாள். கணவரைப் பார்த்தாள். திரும்பிக் கம்பளியைத் தட்டிமேல் விரிக்கத் தொடங்கினாள்.

சோத்னொம் வேனைவிட்டு இறங்கவில்லை.

தெமூலென் இறங்கி நாலடி வைத்ததும் நாய் எழுந்தது. கன்றுக்குட்டி உயரம். கறுப்பு. பல்லைக் காட்டி, தரையோடு தாழ்ந்து, நேராக வந்தது. அவன் நின்றுவிட்டான். எந்தக் கூடாரத்துக்குப் போனாலும் வெளியே நின்று சொல்ல வேண்டியதைச் சொன்னான்.

"நாயைப் பிடிங்க."

யாரும் அசையவில்லை. யாஞ்மா முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். தம்பி அண்ணனைப் பார்த்தான், பிறகு அண்ணியைப் பார்த்தான், பிறகு கயிற்றைப் பார்த்தான். நாய் சுற்றி வந்தது. தட்டியின் கட்டங்களுக்குப் பின்னால், அடுப்புப் பக்கத்தில் ஒரு சிவப்புத் தொப்பி தெரிந்தது. குந்தி உட்கார்ந்து சாணக் கட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தது. தொப்பி காது வரை இழுத்து விட்டிருந்தது.

"சொலோங்கோ," என்று கூப்பிட்டான்.

தொப்பி அசையவில்லை. இன்னொரு கட்டியை எடுத்து மேலே வைத்தது. அந்தப் பெயரை யார் வீட்டுக் குழந்தைக்கோ சொன்ன மாதிரி இருந்தது. யாஞ்மாவின் கை மட்டும் முடிச்சில் நின்றது. அவள் கீழுதடு உள்ளே போயிருந்தது. அவன் மறுபடி கூப்பிடுவதற்காகக் காத்திருக்கிறாள். இன்னும் உரக்க, மலைக்குக் கேட்கும்படி கூப்பிடுவான் என்று காத்திருக்கிறாள்.

நாய் அவன் அங்கி நுனியைப் பிடித்து இழுத்தது. துணி கிழிந்தது.

அந்தச் சொல்லை அவன் வாயால் இதுவரை சொன்னதில்லை. சின்னச் சொல். தன் பெண்ணைப் பார்த்து, பெற்றவன், இது இல்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் திரும்புவாள்.

"எனெபிஷ்," என்றான். குரல் வெளியே வரவில்லை. மறுபடி சொன்னான். "எனெபிஷ். நாயைப் பிடிம்மா."

குழந்தை எழுந்தது. கதவு வழியாக, நிலைப்படியை மிதிக்காமல் காலைத் தூக்கி வைத்து, வெளியே ஓடி வந்தது. தன்னைவிடப் பெரிய நாயின் கழுத்தை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டு அதன்மேல் மொத்தமாகச் சாய்ந்தது. நாய் அடங்கியது.

"புடிச்சிட்டேன்," என்றாள். "போங்க."

அவளுக்கு அவனைத் தெரியவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் சொல்வதுதான் அது. அவள் முகத்தில் அம்மாவின் கன்ன எலும்பு மட்டும் அவனுக்குத் தெரிந்தது. கண் எரிந்தது. முகத்தைத் துடைத்தான், கை ஈரமாக வந்தது. காற்றுக்கு எதிரே நின்றால் யாருக்கும் அப்படித்தான் வரும்.

யாஞ்மா அவனைப் பார்த்தாள். நன்றாக, நீண்ட நேரம் பார்த்தாள். பிறகு அடுத்த கம்பளிச் சுருளை எடுத்தாள். தட்டிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தன. அந்தப் பக்கத்துப் பாலைவனம் மறைந்தது. லாரி மறைந்தது. உள்ளே எரிந்த நெருப்பு கட்டம் கட்டமாக மறைந்து, கடைசியில் கதவளவு மிச்சம் இருந்தது. வா என்றும் அவள் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவன் கதவுக்கு முன்னால் போய் நின்றான். நாயைக் கட்டிக்கொண்டே குழந்தை அவன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"படிய மிதிக்காதீங்க," என்றாள்.

அவன் வலது காலைத் தூக்கினான்.